சமைத்த தண்ணீர்

"கூட்டிட்டு வந்துரும் வே. படிச்சது போதும். வயக்காட்டுல ஆளில்லாமக் கெடக்கு," என்றார் குற்றாலலிங்கம் பிள்ளை. தம்பி மகனுடைய தலையெழுத்தை எழுதுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று சொர்ணாம்பாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரே மகன் நெல்லையப்பனைப் பற்றித்தான் பேச்சு. அவனுக்குப் பன்னிரண்டு வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாமியார் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கி இங்கிலீஷ் படிக்கிறான்.

செய்தி கொண்டுவந்த மதலைமுத்து வாத்தியார் வாசல் நடையிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் தலைமை வாத்தியார். அவரும் வெள்ளாளர்தான். ஆனால் பாட்டனார் காலத்திலேயே வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகிவிட்ட குடும்பம். ஆகையால் மேல ரத வீதியில் உள்ள இந்தச் சைவ வீட்டில் அவருடைய சாதி நடை வரைக்கும்தான் செல்லும். அவரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. தம் வீட்டு நடையில் அவர் வேறு சிலரை நிறுத்தி வைத்திருந்தார்.

அவர் சொன்ன செய்தி இது. ஆற்றோரத்து ஊர்களில் வாந்திபேதி கண்டிருக்கிறது. விடுதியில் சைவப் பிள்ளைகளுக்கென்று தனிக் கொட்டகையில் சமைத்துக்கொண்டிருந்த பாபநாசம் பிள்ளை, பேதி என்ற சொல்லைக் கேட்டதுமே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடிவிட்டார். பள்ளிக்கூடத்தை நடத்தும் லூயி சாமியாரோ, இனிமேல் கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் யாரும் குடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். பொது அடுப்பில் பெரிய அண்டா ஏற்றியாயிற்று. அதைக் கொதிக்க வைப்பவன் சுடலைக்கண்ணு. அக்கரைச் சேரியிலிருந்து வந்தவன். ஞானஸ்நானத்தில் அவனுக்கு மிக்கேல் என்று பெயர் வைத்திருந்தார்கள். சாமியாரைத் தவிர யாரும் அந்தப் பெயரால் அவனைக் கூப்பிட்டதில்லை.

விடுதியில் மிஞ்சியிருக்கும் ஐந்து சைவப் பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைத் தொட மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்யட்டும் என்று வாத்தியார் கேட்டார்.

இதில் என்ன இருக்கிறது, தண்ணீர்தானே என்று நினைப்பவர்களுக்கு அந்த வீதியின் நியாயத்தைச் சொல்லவேண்டும். பச்சைத் தண்ணீருக்கு ஒரு நியாயம், கொதித்த தண்ணீருக்கு ஒரு நியாயம். நம்மவன் ஆற்றில் மொண்டு வந்த தண்ணீர் தாமிரபரணியைப் போலவே சுத்தம். அதையே சேரிக்காரன் ஒருவன் அடுப்பில் ஏற்றிவிட்டால் அது சோற்றோடும் குழம்போடும் சேர்ந்துபோயிற்று. அது சமைத்த தண்ணீர். சமைத்ததைக் கண்டவன் கையால் வாங்கிக் குடித்தால் சாதி போயிற்று. ஆற்றில் மேலே எந்த ஊர்க்காரன் பேதித் துணியை அலசினான் என்று மட்டும் இந்த நியாயம் கேட்பதில்லை.

சொர்ணாம்பாள் அந்த நியாயத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் அவளுடைய கவலை வேறு. புருஷன் போய் ஐந்து வருஷம் ஆகிறது. நிலமெல்லாம் மூத்தார் குற்றாலலிங்கம் பிள்ளை கையில். மூத்தார் போடுகிற சோறு, மூத்தார் எடுத்துத் தருகிற வெள்ளைச் சீலை. மகன் நாலு எழுத்து இங்கிலீஷ் படித்துச் சர்க்கார் கச்சேரியில் ஒரு குமாஸ்தாவாக உட்கார்ந்துவிட்டால் தனிக்குடித்தனம் போய்விடலாம். யாருடைய செருமலுக்கும் பயந்து எழுந்து நிற்க வேண்டாம். மூத்தார் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். இப்போது வீட்டுக்கு வந்தானானால் திரும்பப் போக விடமாட்டார்கள். அங்கேயே இருந்து அண்டாத் தண்ணீரைக் குடித்தான் என்று தெரிந்தாலோ, அதையே சாக்காக வைத்துக்கொண்டு படிப்பை நிறுத்திவிடுவார்கள். இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று.

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"வாத்தியாரையா, பிள்ளை அங்கனயே இருக்கட்டும். பரீச்சை முடியட்டும். சமைச்ச தண்ணிய அவன் குடிக்க மாட்டான். வீட்டுச் செப்புக் குடத்தக் குடுத்து விடுதேன். நம்ம ஆளு ஆத்துல மொண்டு வைக்கட்டும். அவிச்சது எதுவும் வேண்டாம். அவலும் பழமும் நான் அனுப்பிக்கிடுதேன்."

குற்றாலலிங்கம் பிள்ளைக்கு மறுக்க வழியில்லை. ஆசாரம் காப்பாற்றப்பட்டுவிட்டது. வாத்தியாருக்கும் மூச்சு வந்தது. நெல்லையப்பன் போனால் மற்ற நான்கு பேரும் அவன் பின்னாலேயே போய்விடுவார்கள், அவர்கள் போனால் நாளைக்கு வேறு எந்தப் பெரிய வீட்டுப் பிள்ளையும் வராது என்று பயந்துகொண்டே வந்தவர் அவர். சாமியாரிடம் தாம் பேசிச் சமாதானப்படுத்துவதாகச் சொல்லி, குடத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எல்லாருக்கும் திருப்தி.

சாமியாரைச் சமாதானப்படுத்துவதும் பெரிய காரியமாக இருக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தின் கதையே அப்படிப்பட்டது. பனையோலைக் கொட்டகையில் ஆரம்பித்தது. ஒரு ஐப்பசி வெள்ளம் மண்சுவரைக் கரைத்துக்கொண்டு போயிற்று. திரும்பக் கட்டினார்கள். ஓடு போட்டு, இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆளும் அமர்த்தி, நாலு பேர் மதிக்கிற நிலைமைக்கு வந்தபோது, பிராஞ்சு தேசத்திலிருந்து வந்த லூயி சாமியார் சேரிப் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்து மற்றவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். ஒரே வாரத்தில் பள்ளிக்கூடம் பாதியாயிற்று. சைவர்கள் மட்டுமா போனார்கள்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்கு வந்து முழங்காலில் நிற்கிற வேதக்காரர்களும்தான் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பெஞ்சை மட்டும் சாமியார் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றதில் இறங்கி வந்தார். தனிக் கொட்டகை, தனிச் சமையல், தனிக் குடம். போனவர்கள் திரும்பி வந்தார்கள். பள்ளிக்கூடம் பிழைத்தது. எதைக் கொடுத்துப் பிழைத்தது என்று அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் உச்சி வேளையில் ஆள் வந்தது. நெல்லையப்பனுக்குப் பேதி கண்டுவிட்டது.

சொர்ணாம்பாள் வண்டி பூட்டச் சொன்னாள். பேதி கண்ட இடத்துக்கு மாட்டை ஓட்ட மாட்டேன் என்று வண்டிக்காரன் கையை விரித்தான். குற்றாலலிங்கம் பிள்ளை தாம் ஆளை அனுப்பி விசாரிப்பதாகச் சொன்னார். தாலி அறுத்தவள் பட்டப்பகலில் தனியே வீதியில் இறங்கி நடப்பது இந்த வீட்டில் வழக்கமில்லை என்றும் சொன்னார். அவள் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. புறவாசல் வழியாக இறங்கி நடந்தாள். ஐந்து வருஷமாகக் கோயிலுக்குக்கூட விடியுமுன்னால் போய் விடியுமுன்னால் திரும்பியவள், ரத வீதி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வெயிலில் செருப்பில்லாமல் ஆற்றுப் பாலத்தைக் கடந்து போனாள்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பறை ஒன்றில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பையன்களைக் கிடத்தியிருந்தார்கள். நெல்லையப்பனைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கண் குழிந்து, உதடு வெடித்து, கைவிரல் தோல் கிழவன் தோலாகச் சுருங்கிக் கிடந்தான். சாமியார் தம்மிடமிருந்த மருந்துத் துளிகளைக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது.

"தண்ணி," என்றான்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். செப்புக் குடத்தைச் சாமியார் காலையிலேயே கவிழ்த்துவிட்டிருந்தார். வாசற்படிக்கு வெளியே சுடலைக்கண்ணு அண்டாவிலிருந்து மொண்ட தண்ணீரை ஒரு தம்ளரில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் வெகுநேரமாக அப்படியே நின்றிருக்கிறான். ஆறிப்போன தண்ணீர்.

சொர்ணாம்பாள் எழுந்து போய் அதை வாங்கினாள். வாங்கும்போது சாதியை நினைத்தாளா பிள்ளையை நினைத்தாளா என்று அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. மகன் வாயருகில் கொண்டுபோனாள். அவன் உதட்டை இறுக மூடிக்கொண்டான்.

"அம்மா, அது சமைச்ச தண்ணி," என்றான். "நீதான குடிக்கக் கூடாதுன்ன."

தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று வீதியில் அவனுக்குப் பெயர். அவள் அந்தத் தம்ளரைத் தூக்கித் தன் வாயில் ஊற்றி இரண்டு மடக்குக் குடித்தாள். பிறகு, "அம்மாவே குடிச்சிட்டேன், நீயும் குடி ராசா," என்றாள். அவன் குடித்தான். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. இன்னும் கொடுத்தாள். இன்னும் வந்தது. பொழுது சாய்வதற்குள் அவன் தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டான்.

லூயி சாமியார் புத்தகத்தில் படித்த தமிழ் பேசுகிறவர். அன்று அவள் எதிரே தரையில் உட்கார்ந்து அந்தத் தமிழில்தான் சொன்னார்.

"அம்மா, அண்டாவில் குடித்தவர்களில் ஒருவரும் படுக்கவில்லை. செப்புக் குடத்தில் குடித்த ஐவரில் நால்வர் படுத்தார்கள். எனக்கு இது தெரிந்திருந்தது. பிள்ளைகள் போய்விடுவார்களே என்று பயந்து இணங்கினேன். இது என் பாவம்."

அவள் அவரைத் திட்டவில்லை. அழவுமில்லை. குடம் யார் வீட்டுக் குடம் என்று அவளுக்குத் தெரியும்.

தூக்குவதற்குச் சொந்தத்தில் ஆள் வரவில்லை. மதலைமுத்து வாத்தியார் ஒரு பக்கமும் சுடலைக்கண்ணு ஒரு பக்கமும் பிடித்து ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். தம் பிறவியில் முதல் தடவையாக வாத்தியார் சுடலைக்கண்ணுவுக்கு ஒரு கை தூரத்தில் நடந்தார். குற்றாலலிங்கம் பிள்ளை கொள்ளி வைக்க மட்டும் வந்தார். வைத்துவிட்டு, கூட வந்தவர்கள் காதில் விழும்படி சொன்னார்.

"சேரிக்காரன் கையால சமைச்ச தண்ணியக் குடிச்சான். அதான் கொண்டு போய்ட்டு."

நெருப்பு அணைவதற்குள் காரணத்தை மாற்றியாயிற்று. மறுநாள் காலையில் ரத வீதி நான்கிலும் அதுதான் பேச்சு. பேதிக்குப் பயந்து போனவர்களோடு, தீட்டுக்குப் பயந்து போனவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பதினான்கு பையன்கள் மிஞ்சினார்கள். அதில் பாதி போக இடமில்லாதவர்கள்.

சொர்ணாம்பாள் வீட்டுக்குத் திரும்பியபோது கதவு திறக்கவில்லை. அவளும் அந்தத் தண்ணீரைக் குடித்தவள் என்று செய்தி முந்திக்கொண்டது. பிராயச்சித்தம் செய்து, தலையை மழித்து, மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்து அறையில் இருப்பதானால் உள்ளே வரலாம் என்று மூத்தார் உள்ளிருந்தபடியே சொல்லி அனுப்பினார். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவளுக்கு அந்த வீடு சொன்ன ஆறுதல் அவ்வளவுதான். அவள் கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து சமையற்கட்டுக்குள் நுழைந்தாள். சுடலைக்கண்ணு பதறி எழுந்தான்.

"நீ பாட்டுக்கு இரி. நான் அரிசியக் களையுதேன்," என்றாள்.

வேதத்தில் சேரும்படி சாமியார் அவளைக் கேட்கவில்லை. அவளும் சேரவில்லை. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டே அந்த அடுப்பில் அவள் சமைத்தாள், சுடலைக்கண்ணு தண்ணீர் கொதிக்க வைத்தான், பதினான்கு பையன்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். தனிக் கொட்டகையைச் சாமியார் பிரித்துப்போடச் சொன்னார். அதன் ஓலை ஒழுகுகிற வகுப்புக்கு உதவிற்று.

அந்த வருஷத்தைப் போல ஒரு வருஷம் யாருக்கும் வரக்கூடாது. மழை பொய்த்தது. நெல் கிடைக்காமல் கேப்பைக் கூழில் நாள் ஓடியது. வாத்திமார் இரண்டு பேர் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியவர்கள் சம்பளம் என்று வாய் திறக்காமல் பையன்களோடு உட்கார்ந்து அதே கூழைக் குடித்தார்கள். மதலைமுத்து வாத்தியார் முதலில் சில நாள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். பிறகு ஒரு நாள் பந்தியின் கடைசியில் வந்து உட்கார்ந்தார். சொர்ணாம்பாள் அவருக்கும் ஊற்றினாள். பையன்களின் தொகை கூடாவிட்டால் கோடை விடுமுறையோடு பள்ளிக்கூடத்தை மூடிவிடும்படி மேலிடத்திலிருந்து சாமியாருக்கு உத்தரவு வந்திருந்தது.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் ரத வீதியிலிருந்து பெரியவர்கள் நாலைந்து பேர் ஒன்றாக வந்தார்கள். முன்னால் நின்றவர் குற்றாலலிங்கம் பிள்ளை. வீதியில் முப்பது பையன்கள் இங்கிலீஷுக்கு வழியில்லாமல் சும்மா சுற்றுகிறார்கள், அத்தனை பேரையும் கொண்டுவந்து சேர்க்கிறோம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. பழையபடி தனி அடுப்பு, தனித் தண்ணீர். சமையலுக்கு ஆள் தேடவும் வேண்டாம், நம்ம சொர்ணாம்பாளே இருக்கிறாள்.

பிராயச்சித்தம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சோறு வடிக்கக் கை வேண்டியிருந்தபோது அந்தக் கை சுத்தமாகிவிட்டது.

மதலைமுத்து வாத்தியாரின் முகம் மலர்ந்தது. முப்பது பையன்கள். பள்ளிக்கூடம் பிழைத்துவிடும். சாமியாருக்கு அந்த ஒரு வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தது. அவர் சொர்ணாம்பாளைக் கூப்பிட்டனுப்பி, வந்தவர்கள் கேட்டதை அப்படியே அவளிடம் சொன்னார். முடிவு உங்களுடையது அம்மா என்றார்.

அவள் இப்போது கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. மூத்தாரைப் பார்த்தே நின்றாள். ஆனால் பதிலைச் சாமியாருக்குத்தான் சொன்னாள்.

"ஒரு அடுப்புக்கு மேல என்னால பாக்க முடியாது சாமி."

அவ்வளவுதான். வந்தவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். போகும்போது, இந்தக் கட்டடத்தில் வௌவால் குடியிருக்கப் போகிறது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். வாத்தியார் தலையில் கையை வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பதினான்கு பையன்களை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளிக்கூடமும் நின்றதாக அவர் கேள்விப்பட்டதில்லை. சாமியார் மேலிடத்துக்குப் போய் இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்டு மன்றாடினார். கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஒரு வருஷத்தில் நடந்ததைப் பெரிய அற்புதம் என்று சொல்ல முடியாது. மேல் வகுப்பில் இருந்த நாலு பையன்கள் சர்க்கார் பரீட்சை எழுதினார்கள். நாலு பேரும் தேறினார்கள். அதில் ஒருவன் மேல ரத வீதிக்காரன். பேதிக் காலத்தில் அவனுடைய அப்பா திருச்செந்தூர்ப் பக்கம் பிழைக்கப் போயிருந்ததால் அழைத்துக்கொண்டு போக ஆளில்லாமல் தங்கிப்போனவன், அண்டாத் தண்ணீர் குடித்தே பரீட்சை எழுதினவன். அவன் தாசில் கச்சேரியில் குமாஸ்தாவாகப் போய் உட்கார்ந்தான். சட்டை போட்டுக்கொண்டு அவன் வீதியில் நடந்து போனபோது, அவன் எந்த அடுப்பில் சாப்பிட்டான் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான் என்று மட்டும் கேட்டார்கள்.

அதன் பிறகு அப்பாமார் வர ஆரம்பித்தார்கள். கூட்டமாக வரவில்லை. ஒருவர் வருவதை மற்றவர் அறியாமல், விடிகிற நேரத்தில், ஆற்றுக்குக் குளிக்கப் போகிற மாதிரி வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். என் பையன் பந்தியிலேயே இருக்கட்டும், வீதியில் மட்டும் தெரிய வேண்டாம் என்றார்கள். இப்படியே அந்தப் பள்ளிக்கூடம் நிரம்பியது. புதிய கட்டடம் ஒன்று எழும்பியது. பந்தி ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. மேல ரத வீதியில் ஒவ்வொரு வீட்டிலும், நம்ம பையனுக்கு மட்டும் தனியாக ஆற்றுத் தண்ணீர் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டிலும் அதே சத்தியம்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

கடைசியாக வந்தவர் குற்றாலலிங்கம் பிள்ளை. பத்து வயது மகன் தெய்வநாயகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வயலைப் பார்க்கட்டும் என்று அவனை அவர் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரன் மகன் கச்சேரியில் உட்கார்ந்திருக்கும்போது தம் மகனை வரப்பில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

அந்த வேளையில் காலைப் பந்தி நடந்துகொண்டிருந்தது. பையனுக்கு இடம் காட்டி உட்கார வைத்தார்கள். சொர்ணாம்பாள் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவனை அவள் கைக்குழந்தையாக இடுப்பில் வைத்துச் சோறூட்டியிருக்கிறாள். அவனுக்கு அவளை நினைவிருந்தது. தம்ளரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தொடவில்லை.

"சித்தி," என்றான். "நெல்லையப்ப அண்ணன் இதக் குடிச்சுத்தான செத்தான்? அப்பா சொன்னாக."

சொர்ணாம்பாள் நிமிர்ந்து மூத்தாரைப் பார்த்தாள். அவர் தூணுக்குப் பக்கத்தில், மேல் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவள் பையனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளாக எவரிடமும் சொல்லாததை அந்தச் சின்னப் பிள்ளையிடம் சொன்னாள்.

"இல்லய்யா. இதக் குடிக்காமச் செத்தான். நாந்தான் குடிக்க விடல."

பையனுக்குக் குழப்பமாகிவிட்டது. யார் சொல்வது நிஜம் என்று கேட்பதுபோல் திரும்பி அப்பாவைப் பார்த்தான். பந்தியில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவில் சுடலைக்கண்ணுவும் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

குற்றாலலிங்கம் பிள்ளை யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"குடிலே," என்றார் மகனிடம். "நேரமாகுது."